தராசில் ஏறிய பொம்மைப்பெட்டி

ஏங்க, தொழுகை முடிஞ்சு வந்ததும் சாப்பிடுங்க. உங்களுக்குக் கறி தனியா எடுத்து வெச்சிருக்கேன். பெங்களூர்லருந்து வர்ற எங்க அண்ணனைக் கூட்டியார பஸ்ஸுக்குப் போறேன்.

பாப்பாவுக்கு அவர் வாங்கியனுப்பின இரும்புப் பட்டைங்களைத் திருகாணி போட்டு மாட்டி வெளையாடற பொம்மைப்பெட்டியைக் கடைத் தராசுல நிறுத்துப் பார்த்தீங்க. கொழும்புல பாதி விலைதான், நீங்க அனுப்பின காசுல மிச்சத்தை அவர் அமுக்கிட்டாருன்னும் சொன்னீங்க. நேத்து வூட்டுக்கு வந்த, சீமைச் சரக்கு விக்கிற மெட்ராஸ் ஏஜெண்டைக் கேட்டேன்.

"ஜெர்மன் சண்டைல சீமை இரும்பெல்லாம் பீரங்கிக்குப் போவுதுங்க. கப்பல் கூலியும் ஏறிப்போச்சு. கொழும்புல வரி வேற, இங்க வேற. அங்க விக்கிறது சண்டைக்கு முன்னாடி எறங்குன சரக்கு"ன்னாரு. அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துது.

அண்ணன்கிட்ட சிரிச்சுப் பேசுங்க.

வஹிதா

தராசைத் தேடாதீங்க. அவர் ஊருக்குப் போனப்புறம் எடுத்துத் தர்றேன்.