லாக்டோமீட்டரில் கடல்தண்ணீர்

1995 ஜூன் 4, ஞாயிறு

காலையிலேயே அனல். தண்ணீர் லாரி வரவில்லை. கடல்தண்ணீர்த் தொட்டிக்கென்று ஜோடியாக வாங்கிய கோமாளி மீனில் ஒன்று நேற்றுப் போய்ச் சேர்ந்தது. மிச்சம் இருப்பது மூலையில் ஒதுங்கி நிற்கிறது. தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கமலாவின் தீர்ப்பு: "இதுவும் போச்சுன்னா தொட்டி ஆத்துல இருக்கப்படாது. சொல்லிட்டேன்." இருபது வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன், அவள் சொன்னால் சொன்னதுதான்.

உப்பில்தான் கோளாறு என்று தோன்றுகிறது. கூடவா, குறைவா? அளக்க ஏதாவது வேண்டும்.

வாங்க: உப்பு அளக்கும் கருவி, ஹால் பல்பு, தலைவலித் தைலம்.

ஜூன் 5, திங்கள்

ஆபீஸ் விட்டு தி.நகர் மீன் கடை. பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஊசி. தண்ணீர் ஊற்றினால் ஊசி எழும்பி எண்ணைக் காட்டும். மூன்று தடவை ஊற்றினோம். மூன்று எண். கடைக்காரர்: "ஊசில குமிழி ஒட்டிக்கினு கீது சார். தட்டி வுட்டா சரியாப் பூடும்." தட்டினார். நான்காவது எண். கும்பிடு போட்டு வந்தேன்.

கண்ணில் வைத்துப் பார்க்கிற மாதிரி ஒன்றும் உண்டாம். ஒரு சொட்டு போதும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதற்குள் மீனுக்குத் திவசமே வந்துவிடும்.

பல்பு மறந்தேன்.

ஜூன் 6, செவ்வாய்

பாரிமுனை, லேப் சாமான் கடை. தண்ணீரில் மிதந்து உப்பின் அளவைக் காட்டும் கண்ணாடி ஹைட்ரோமீட்டர். வரும்போது பஸ்ஸில் ஒரு பெரியவர் மேலே சாய்ந்தார். டப்பாவுக்குள் 'சடக்'. கண்டக்டர்: "இன்னா சார், மூக்குக் கண்ணாடியா?" அழுகை வராத குறை.

வீட்டில் கமலா, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பாலில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் பால்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாள். பார்த்தேன். கண்ணாடிக் குழாய், அடியில் குண்டு, கழுத்தில் எண்கள். நான் உடைத்ததும் இதே சாதிதானே! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

ஜூன் 7, புதன்

கமலா கபாலி கோயிலுக்குப் போன சமயம் பார்த்து லாக்டோமீட்டரைத் தொட்டியில் விட்டேன். 33. சரி, எத்தனை இருக்க வேண்டும்? கடலைத்தான் கேட்க வேண்டும். சைக்கிளில் நொச்சிக்குப்பம். வலை உதறிக்கொண்டிருந்தவர், "இன்னா சார், மீன் வாங்காம தண்ணி மொண்டுகினு போறே?" என்றார்.

"தண்ணி போதும்பா."

"எட்த்துக்கோ. கடல் இன்னா எங்க நைனா சொத்தா?"

கடல் 23. தொட்டியில் உப்பு தாறுமாறு! விஷயம் விளங்கிவிட்டது. வற்ற வற்ற நான் ஊற்றியது போர் தண்ணீர். எங்கள் போர் தண்ணீரில் பருப்பே வேகாது. லாரியில் வருகிற மெட்ரோ தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். ஆனால் அது குடிக்க, சமைக்க மட்டும். கமலாவின் சட்டம்.

குழாயைக் கழுவித்தான் வைத்தேன். நுனியில் பாசி இருந்திருக்கிறது. பிடிபட்டேன்.

"பால் பாக்கறதை மீன் தொட்டில விட்டேளா? அந்தப் பாலையா நான் ஸ்வாமிக்கு நைவேத்யம் பண்ணணும்?"

"சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்டி."

"கங்கைல முக்கினாலும் ஆகாது."

ஜூன் 8, வியாழன்

காபி மட்டும் 'ணங்'கென்று வந்தது. மீன் ஒருக்களித்துக் கிடந்து மூச்சு வாங்குகிறது. விரல் நீள மீனுக்காக வெட்கத்தை விட்டுக் கேட்டேன், ஒரு குடம் மெட்ரோ தண்ணீர்.

"மனுஷாளுக்கே இல்லை." அவ்வளவுதான் பதில். லாரி இன்றும் வரவில்லை.

ஜூன் 9, வெள்ளி

எழுந்தால் தொட்டி பக்கத்தில் எவர்சில்வர் குடம். முக்கால் குடம் மெட்ரோ தண்ணீர். அடுக்களையிலிருந்து குரல்: "ஒரேயடியாக் கொட்டாதேங்கோ. குழம்புல உப்பு ஜாஸ்தியானாக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் வெளாவணும்."

தொட்டியிலிருந்து ஒரு சொம்பு எடுத்து, குடத்திலிருந்து ஒரு சொம்பு விட்டு. மாலை 30. மீன் நிமிர்ந்திருக்கிறது.

ஜூன் 11, ஞாயிறு

லாரி வந்தது. தெருவே திருவிழா. சொம்பு சொம்பாக மாற்றியதில் தொட்டி 24. மீன் மேலே வந்து தீனியைக் கவ்வியது! ஹாலில் கத்தியேவிட்டேன்.

பழைய லாக்டோமீட்டர் இனி மீனுக்கு. கமலாவுக்குப் புதிது வாங்கியாயிற்று. முதல் காரியமாக அதைப் பாலில் விட்டாள். 22. பிறகு தொட்டிப் பக்கம் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, மிதக்கிற பழையதையும் குனிந்து பார்த்தாள்.

"ஏன்னா, அந்தப் பால்காரரைக் கூப்பிடுங்கோ. உங்க மீன் தண்ணியே அவர் பாலைவிடக் கெட்டியா இருக்கு."