ஒவைஸ் வராத ஞாயிற்றுக்கிழமை

ஆம்பூர்
நவம்பர் 4, 2024

அன்பு சானியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால் மெயிலில் எழுதுகிறேன். படிக்காமல் அழித்துவிடாதே அம்மா.

உன் அம்மீ காலமானபின் உன் அப்பாவை நிக்காஹ் செய்துகொண்டு நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு, உன் தம்பி ஒவைஸ் முதல் முறையாக பெங்களூரிலிருந்து வருகிறான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு. அவன் மனைவி மஹீனும் வருகிறாளாம். அப்பாவுக்கு இருப்பே கொள்ளவில்லை. தோல் பதனிடும் டேனரிக்குப் போனவர் பாதியில் திரும்பி வந்து, "பையனுக்கு இன்னா செய்யப் போறே?" என்கிறார். பிரியாணி என்றேன். "அது ஊர் பூரா கிடைக்குது. அவங்க அம்மீ ஓவன்ல ஒண்ணு வெப்பாளே, அதச் செய்." பேர் கேட்டால் சிக்கன் கேசரோலாம். எனக்குத் தெரிந்த கேசரோல், சப்பாத்தி சூடு ஆறாமல் வைக்கிற டப்பாதான்.

நீதான் அதை அம்மீக்குக் கற்றுக்கொடுத்தாயாம். எனக்கும் சொல்லேன்.

ஹஃப்ஸா


நார்த்தாம்ப்டன்
இங்கிலாந்து
நவம்பர் 6

ஹஃப்ஸா அவர்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம்.

கோழித் தொடைக்கறியை உப்பும் மிளகும் தடவி வெண்ணெயில் சிவக்க விடுங்கள். அதே வெண்ணெயில் வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு. கொஞ்சம் மைதா தூவிப் பால் ஊற்றிக் கிளறி, எல்லாவற்றையும் கண்ணாடிப் பாத்திரத்தில் மூடி ஓவனில் ஒரு மணி நேரம் வையுங்கள். காரம் கூடாது.

கீமோவின்போது அம்மீக்கு இறங்கியது இது ஒன்றுதான். ஒவைஸ்தான் ஊட்டிவிடுவான். அதை நீங்கள் செய்து அவன் முன்னால் வைப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அப்பா கேட்டதால் எழுதினேன். போகாதே என்று அவனிடம் சொல்லியும்விட்டேன். உங்களிடம் மறைக்க விருப்பமில்லை.

சானியா


ஆம்பூர்
நவம்பர் 12

அன்பு சானியாவுக்கு,

நீ சொன்னபடிதான் ஆயிற்று. பாத்திரம் ஓவனில் இருக்கும்போதே ஒவைஸ் போன் செய்தான். ஆபீஸ் வேலையாம். சாப்பிட விரித்த சுஃப்ராத் துணியை அப்பா தானே மடித்து வைத்தார். "நாம போவோம்" என்றேன். "அவன் கூப்பிடாம நான் போமாட்டேன்" என்றார்.

எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. பாத்திரத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு பெங்களூர் வண்டியில் ஏறிவிட்டேன். மடியில் இருந்ததைப் பார்த்து, எதிரில் இருந்த அம்மா, "பாப்பா தூங்குதா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். குப்பம் ஸ்டேஷன் தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது.

ஒவைஸ்தான் கதவைத் திறந்தான். முகம் வெளுத்துவிட்டது. "அப்பாவுக்கு ஏதாச்சும்...?"

"ஒண்ணும் இல்லப்பா. உனக்குச் செஞ்சது, எடுத்தாந்தேன்."

அவன் நகரவில்லை. மஹீன் பின்னாலிருந்து வந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "உள்ள வாங்க" என்றாள். மூடியைத் திறந்ததும் ஒவைஸ் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வெளியே வந்தபோது கண் வீங்கியிருந்தது. ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்து, "பால் ஜாஸ்தி" என்றான். அப்புறம் அப்பாவுக்குப் போன் போட்டான். "நீங்களும் வாங்கப்பா. சாப்டாம வெச்சிருக்கோம்."

அப்பா அடுத்த வண்டியிலேயே வந்துவிட்டார். மூன்று பேருக்கும் பரிமாறிவிட்டு நான் சமையலறையிலேயே இருந்துகொண்டேன். உன் அம்மீயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் போய் உட்கார எனக்குக் கால் வரவில்லை.

உன்மேல் வருத்தமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீ சொல்லிக்கொடுத்ததால்தான் அவர்கள் அன்று ஒன்றாகச் சாப்பிட்டார்கள்.

ஹஃப்ஸா


நார்த்தாம்ப்டன்
நவம்பர் 17

காலாவுக்கு,

அம்மீ என்று கூப்பிட எனக்கு வராது. சின்னம்மா முறையில் காலா என்று கூப்பிட்டால் சரியா?

ஒவைஸ் எல்லாம் சொன்னான். எதற்குக் கதவைத் திறந்தாய் என்று அவனிடம் கத்தினேன். "நீ இருந்திருந்தா நீயும்தான் தொறந்திருப்பே" என்றான். போனை வைத்துவிட்டு, வேலைக்கும் போகாமல் மழையில் ஊரைச் சுற்றி நடந்தேன். நீங்கள் சமையலறையில் தனியாக நின்றதே திரும்பத் திரும்ப மனசில் வந்தது.

டிசம்பரில் வருகிறேன். அம்மீ படுத்திருந்த அறைக்குள் போகத் தைரியம் வருமா தெரியாது. என்னை அவசரப்படுத்தாதீர்கள்.

ஒரு நாள் சமையலை என்னிடம் விட்டுவிடுங்கள். ஒவைஸையும் மஹீனையும் வரச் சொல்கிறேன். அன்றைக்கு நான் பரிமாறுவேன். நீங்கள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

சானியா