கடல் பக்கமிருந்து பார்த்த கல்யாணம்

அன்புள்ள நிலவனுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள். போன் அடித்தால் பாப்பா விழித்துவிடுவாள். இருவரும் நலம்தானே? அவளுக்குச் சளி குறைந்ததா?

ட்ரோனில் படம் எடுக்கும் என் வேலை நிரந்தரமாகிவிட்டது! இனி உங்கள் இருவரையும் இங்கே அழைத்துக்கொள்ளலாம்.

முதலில் எல்லாம் கெடத்தான் பார்த்தது. இன்று கடலோரப் புல்வெளியில் ஒரு கல்யாணம். அந்த இடத்தின் விளம்பரத்துக்கும் அந்தக் கல்யாணத்திலேயே படம் எடுக்க வேண்டும். ஆசையில் ட்ரோனை மணவறைக்கு மிக அருகில் இறக்கிவிட்டேன். அதன் காற்றில் குத்துவிளக்கு அணைந்துவிட்டது.

"யாரும்மா நீ? படம் எடுக்க வந்தியா, விளக்க ஊத வந்தியா?" என்று பெண்ணின் அத்தை கத்தினார். என் மேலாளர் ஹனீன் அக்கா காதருகில், "இன்னொரு சான்ஸ் கிடையாது லா" என்று இந்த ஊர் 'லா' போட்டுச் சொன்னார்.

விளக்கை மறுபடி ஏற்றினார்கள். நான் ட்ரோனைக் கடல் பக்கமாக உயரே நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். கெட்டிமேளம் முழங்கியதும் நானூறு பேரும் அட்சதை தூவினார்கள். விரிந்த உள்ளங்கைகளுக்கு நடுவே மணமக்கள், பின்னால் நகரம் முழுவதும். அப்படி ஒரு படம்!

படத்தைப் பார்த்துவிட்டு அந்த அத்தையே வந்து, "முதல்ல எனக்கு அனுப்பும்மா" என்றார். ஹனீன் அக்கா அங்கேயே, "நீ கன்ஃபர்ம் லா" என்று கை குலுக்கினார்.

பாப்பாவின் பாதத்தைத் தாளில் வைத்துக் கோடு போட்டு அனுப்புங்கள். இங்கே தேக்கா கடைத்தெருவில் அவளுக்கு ஒரு செருப்பு பார்த்தேன். அவள் அளவு எனக்கு இப்போது தெரியவில்லை. காலையில் முதல் ரயிலைப் பிடிக்க வேண்டும், முடிக்கிறேன்.

சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

யாமினி