ரோலர் போட்ட கையெழுத்து

அண்ணே,

இன்று காலை என் பிரிண்டர் மறுபடியும் கையெழுத்துப் போட்டுவிட்டது. மகளின் படம் ஒன்றைக் கருப்பு வெள்ளையில் அடித்துக்கொண்டிருந்தேன். மை வாசனையோடு தாள் வெளியே வந்தது. எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தால், வலது ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளி, அவள் கூந்தலின் கருப்பில், மேலிருந்து கீழ்வரை மெல்லிய கீறல். நேராகப் பார்த்தால் தெரியாது. சாய்த்தால் பல்லைக் காட்டும்.

"பா, இந்த மெஷினத் தூக்கிப் போடுங்க லா" என்றாள் மகள்.

"இருக்கட்டும்மா" என்றேன். சொன்னதும் உங்கள் ஞாபகம் வந்து, ஒரு மாதிரி ஆகிவிட்டது. போன மாதத்திலிருந்து உங்களை நினைத்தாலே எனக்கு வெட்கம்தான் முதலில் வருகிறது. துக்கம் பாவம், பின்னாலே வரிசையில் நிற்கிறது.

இந்தக் கீறலை முதலில் கண்டுபிடித்ததே நீங்கள்தான். ஸ்கூடாயில் ஒரு கடை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு, போட்டோ பிடிக்கிற நாம் எல்லாரும் கூடுவோம். பிரிண்ட்டுகளைப் பேரில்லாமல் மேசையில் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் திருப்பி எல்லாரும் குறை நிறை சொல்லும்வரை, அடித்தவன் வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில் "யாருது?" என்று கேட்டால்தான் கையைத் தூக்கலாம். நீங்கள் கொண்டுவந்த வழக்கம் அது. "பேரப் பாத்துட்டா கண்ணு மரியாதை பண்ண ஆரம்பிச்சிடும்" என்பீர்கள்.

பேர் இல்லாமலே என் படத்தை நீங்கள் பிடித்துவிடுவீர்கள். என் பிரிண்டரின் ரோலரில் எங்கோ ஒரு பிசிறு. வெளியே வருகிற எல்லாத் தாளையும் அதே இடத்தில் கீறிவிடும். கூட்டத்தில் மூச்சு விடமாட்டீர்கள். கலைந்து படி இறங்கும்போது காதருகே, "என்னா தம்பி, இன்னிக்கும் கையெழுத்து போட்டுட்டே போல?" என்பீர்கள். நம் இரண்டு பேரைத் தவிர அது யாருக்கும் தெரியாது. மூன்றாம் பாரத்தோடு படிப்பை விட்டுவிட்டு ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட வந்தவனுக்கு, வேறு எந்தக் கையெழுத்துக்கு அண்ணே மதிப்பு?

சரி, நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் போன பிறகு உங்கள் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. கடைசியில் நம் கூட்டத்து ஜோசப், "நீங்களே உக்காருங்கண்ணே, உங்க எடைக்குத்தான் அது தாங்கும்" என்று என்னைத் தள்ளிவிட்டான். போன மாதம் அண்ணி உங்கள் பிரிண்ட் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். வருஷத் திதிக்கு உங்கள் போட்டோவுக்குப் பக்கத்தில் உங்கள் கையால் அடித்த படம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும், எது நல்லது என்று நாங்கள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் கேட்டது. முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒவ்வொன்றாகத் திருப்பினேன். "அருமை" என்றேன். "அருமை லா" என்றார்கள் மற்றவர்கள். அடுத்தது. அதுவும் அருமை. கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டே போவார்களே, அந்த வேகத்தில் அருமை ஊற்றிக்கொண்டு போனோம்.

பிறகு அந்தச் சட்டிப் படம் வந்தது. நாம் கூட்டமாக ஆயர் ஈத்தாம் சட்டிப் பட்டறைக்குப் போனபோது, மழை விட்ட கையோடு எடுத்தது. சுடாத மண்சட்டிகள் வரிசையாக, கிழிந்த கென்வாஸ் கூரைக்குக் கீழே, பாதி நனைந்து. நினைவிருக்கிறதா? எல்லாரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அதே சட்டிகளைத்தான் எடுத்தோம். அடுத்த கூட்டத்தில் மேசை நிறையச் சட்டி. "இது என்ன கடையா?" என்று நீங்கள் கேட்டீர்கள். எது யாருடையது என்று எங்களுக்கே குழப்பம்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். "இதப் பாருங்க. கருப்புக்குள்ள இன்னொரு கருப்பு இருக்கு. நனைஞ்ச மண்ணு வேற, நனையாத மண்ணு வேற, தனித்தனியாத் தெரியுது. நம்மளும் அன்னிக்கு அங்கதான் நின்னோம். நமக்கு இது வந்துச்சா? இந்தக் கை எனக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது" என்றேன். இன்னும் என்னென்னவோ பேசினேன். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டேன். அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். பேச்சின் உச்சத்தில், எல்லாருக்கும் தெரியட்டும் என்று படத்தை விளக்குப் பக்கம் சாய்த்தேன்.

வலது ஓரம். ஒரு விரல் தள்ளி. மேலிருந்து கீழ்வரை.

என் கையெழுத்து, அண்ணே.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தச் சட்டிக் கூட்டம் முடிந்து நான் என் பிரிண்ட்டைச் சுருட்டப் போனபோது, "இது என்கிட்ட இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டீர்கள். "மோசமில்ல" என்றீர்கள். தாள் வெட்டும்போது கத்திக்கு அடியில் போட எடுத்துப் போகிறீர்கள் என்று நினைத்து நானும் மறந்துவிட்டேன். நீங்கள் அதை உங்கள் படங்களோடு பத்திரமாக வைத்திருப்பீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அண்ணி எழுந்து வந்து, படத்தைக் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். "இதையே மாட்டிடறேன் தம்பி. நீங்க சொன்னீங்களே, அது போதும்" என்றார்கள். என் வாய் திறந்தது. வெளியே வந்தது இதுதான்: "சரிங்க அண்ணி."

வீட்டுக்கு வந்து மகளிடம் மட்டும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "பா, உங்களுக்கு நீங்களே இரங்கல் கூட்டம் நடத்திட்டு வந்திருக்கீங்க!" பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "அப்ப அந்தப் பெரியப்பா படம் ஒண்ணுமே உங்களுக்குப் பிடிக்கலையா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னை நானே புகழ்ந்துகொண்டது ஒரு கூத்து, அதை யாரிடமும் சொல்லிச் சிரிக்கலாம். உங்கள் பெட்டி முழுக்க உங்கள் உழைப்பு இருக்க, அதில் என்னை நிற்க வைத்த ஒரே படம் என்னுடையது. மற்றதையெல்லாம் இறந்தவருக்குச் செய்கிற மரியாதையாக நான் புரட்டிவிட்டேன். இதை எங்கே போய்ச் சொல்ல?

இப்படியே விட்டால் திதியன்று நீங்கள் ஒரு பக்கம், என் சட்டிகள் ஒரு பக்கம், நடுவில் விளக்கு. நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. புதன்கிழமை லீவு போட்டுவிட்டு கெலாங் பாத்தாவில் உங்கள் வீட்டுக்குப் போனேன். சட்டம் தயாராகிவிட்டிருந்தது. உள்ளே படம். சாப்பாட்டு மேசையில் சாய்த்து வைத்திருந்தார்கள். அண்ணி தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, அந்தப் படம் அண்ணனோடது இல்ல."

"பின்ன யாருது?"

நம் கூட்டத்தில் கேட்கிற அதே கேள்வி. பழக்க தோஷம், கையைத் தூக்கினேன். சமையலறையில், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார்கள். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அப்ப அவரோடத நீங்க பாக்கவே இல்ல" என்றார்கள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்கள். "உக்காருங்க. அன்னிக்கு எல்லாரும் அருமை அருமைன்னீங்க. அவரு செத்துட்டாருன்னுதான் எனக்குக் கேட்டுச்சு. அவரு இருந்தா எப்படிச் சொல்லுவீங்களோ அப்படிச் சொல்லுங்க."

மேசையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். நீங்கள் செய்வது போல ஒவ்வொன்றையும் முதலில் தலைகீழாக வைத்துப் பார்த்தேன். "ஆளு தெரியக்கூடாது, வெளிச்சம் மட்டும் தெரியணும்" என்பீர்களே. சிலது நன்றாக இல்லை, அண்ணே. மன்னிக்க வேண்டும். பொந்தியான் கடற்கரைப் படத்தில் வானம் செத்துக் கிடந்தது. சொன்னேன். அண்ணி தலையாட்டினார்கள்.

பிறகு நீங்கள் எடுத்த ஆயர் ஈத்தாம் படம். நாங்கள் எல்லாரும் சட்டியை எடுத்துக்கொண்டிருந்தபோது நீங்கள் பின்னால் போய் எங்களை எடுத்திருக்கிறீர்கள். குனிந்த முதுகுகள் ஒரு வரிசை, முகமே இல்லாமல். என் சட்டை மேலே ஏறி, இடுப்புச் சதை வெளியே பிதுங்கி நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட வேகமாகப் புரட்டினேன், யாரும் பார்த்துவிடப் போகிறார்களே என்று! இப்போது தலைகீழாக வைத்தேன். இடுப்பு மறைந்துவிட்டது. ஒவ்வொரு ஈரச் சட்டையும் ஒவ்வொரு கருப்பு. யாருடையது நல்ல நீலம், யாருடையது வெளுத்த பச்சை என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. எல்லாரும் ஒன்றையே பார்க்கிறார்கள், ஒருத்தரும் அடுத்தவரைப் பார்க்கவில்லை.

நேராக்கிப் பார்த்தேன், மறுபடியும் தலைகீழாக வைத்தேன்.

"நல்லா இல்லையா?" என்றார்கள் அண்ணி.

"இதான் அண்ணி, அண்ணனோட படம். இத மாட்டுங்க. ஆனா…"

"ஆனா என்ன? சொல்லுங்க."

"இடது மேல் மூலை கொஞ்சம் வெளுத்திருக்கு."

"அத நான் அவருகிட்ட அப்பவே சொன்னேன்!" என்று மேசையைத் தட்டினார்கள். "கேட்டாரா மனுசன்? கண்ணாடியப் போட்டுப் பாருன்னு என்னையில்ல சொன்னாரு!" சிரித்துக்கொண்டே அழுதார்கள். நான் ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தேன். கிளம்பும்போது சட்டத்திலிருந்து என் படத்தைக் கழற்றி, பழைய நாளிதழில் சுற்றிக் கொடுத்தார்கள். அந்த இடத்தில் உங்கள் படம். திதியன்று என் இடுப்புக்கும் சேர்த்து ஊதுபத்தி காட்டினார்கள். அண்ணி கேட்டதால் விழுந்து கும்பிட்டேன்.

இந்த மாதக் கூட்டத்துக்கு அந்தச் சட்டிப் படத்தைக் கொண்டுபோய் மற்றவற்றோடு கவிழ்த்து வைத்தேன். ஜோசப் திருப்பினான். "டேய், இது அண்ணன் படமாச்சே, எப்படி வந்துச்சு? யாருது?"

கையைத் தூக்கினேன்.

எல்லாரும் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு ஜோசப், "அலமாக்! அப்ப போன மாசம் கண்ணீர் விட்டது உங்க படத்துக்கா?" என்றான். மாடியே அதிர்ந்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? சிரிப்பு அடங்கியதும் படத்தைச் சாய்த்து, அந்தக் கீறலை எல்லாருக்கும் காட்டிக்கொடுத்துவிட்டேன். இனி கூட்டத்தில் நான் ஒளிய முடியாது. நம் இரண்டு பேருக்குள் இருந்தது எல்லாருக்கும் போய்விட்டது. அதற்கும் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ரோலரை மாற்றப் போவதில்லை. இன்று காலை மகளின் படத்தைச் சாய்த்துக் கீறலைப் பார்த்த பிறகு, தலைகீழாகவும் வைத்துப் பார்த்தேன். என் படம் என்பதை மறந்து பார்க்க முயன்றேன். வரவில்லை. கூட்டம் கலைந்து படி இறங்கும்போது மட்டும் இன்னும் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டே இறங்குகிறேன், அண்ணே, நீங்கள் காதருகே பேச வருகிற அந்தப் பக்கமாக.