ஆறு ஏறி வந்த ஞாயிறு

இன்று அலுவலக வண்டி போபோடி ஆற்றுப்பாலத்து நெரிசலில் நின்றபோது கண்ணாடியை இறக்கினேன். மழையில் ஊறிய சேறும் அழுகிய பூவும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. உடன் வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.  எனக்கோ உடனே உன்னிடம் பேச வேண்டும்போல் இருந்தது.

கோயம்புத்தூரிலிருந்து இந்த மராத்தி ஊருக்கு, ஹிஞ்சேவாடி கம்பெனி வேலைக்கு வந்து உன் வீட்டு மாடியில் குடியிருந்தேன். ஒரு வருடமாகியும் அந்தச் சந்தில் உன்னைத் தவிர யாரையும் எனக்குத் தெரியாது. நீ அங்கேயே பிறந்தவள். ஆர்க்காட்டுத் தமிழும் மராத்தியும் உன் வாயில் ஒன்றாகவே புரளும். உன் ஃபேக்டரி வேலைக்கு விடுமுறையான ஞாயிறுகளில், சந்துக்குக் கீழேயிருந்த ஆற்றங்கரையைச் சுத்தம் செய்யலாமா என்று நீ கேட்டாய். மறுக்கத் தெரியாமல்தான் வந்தேன்.

நீ, உன் தம்பி, நான், என் அலுவலகத் தோழிகள் இருவர். அவ்வளவுதான் நம் கூட்டம். பால் கவர், குட்கா உறை, காய்ந்த மாலை, ஒற்றைச் செருப்பு என்று பொறுக்கிச் சாக்கில் கட்டுவோம். சந்து ஜனம் மேலே நின்று வேடிக்கை பார்க்கும். மட்டன் கடைக்காரர் நம் கண்ணெதிரிலேயே கழிவுப் பையை வீசிவிட்டுப் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீயோ அதையும் எடுத்துச் சாக்கில் போடுவாய்.

அந்த ஆகஸ்ட் ஞாயிறு நினைவிருக்கிறதா? பல வாரக் குப்பை மூட்டைகளாகக் கரையில் குவிந்து கிடந்தது. மறுநாள் காலை லாரி வரும் என்று மாநகராட்சியில் சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று சந்துக்குள் வந்தது. மேலே அணையைத் திறந்துவிட்டார்களாம். நாம் ஓடிப்போய்ப் பார்த்தபோது தண்ணீர் மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே வந்திருந்தது.

"அஞ்சு பேரால ஆவாது," என்றாய். "நீ அந்தப் பக்கம் கதவ தட்டு. நான் இந்தப் பக்கம் தட்டறேன்."

"எனக்கு மராத்தி வராதே."

"பாணி ஆலய்னு சொல்லு. தண்ணி வந்துட்டுதுன்னு அர்த்தம். அது போதும்."

முதல் கதவைத் தட்டினேன். மாவு பிசைந்த கையோடு ஓர் அம்மாள் திறந்தார். நான் அந்த இரண்டு சொல்லைச் சொல்லி ஆற்றைக் காட்டினேன். கையைக்கூடக் கழுவாமல் இறங்கி வந்தார். அடுத்த கதவு, அதற்கடுத்த கதவு. மட்டன் கடைக்காரர் என்னைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். பிறகு பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

தண்ணீர் விளிம்பிலிருந்து ரோடுவரை ஆட்கள் வரிசையாக நின்றுவிட்டோம். மூட்டை கைமாறிக் கைமாறி மேலே ஏறியது. ஒருவர் தாளம்போல் குரல் கொடுக்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே நானும் கத்தினேன். வாழ்க்கையில் அப்படி ஒரு வேகம் என் உடம்பில் வந்ததில்லை. கடைசியில் நின்ற உனக்கு முழங்காலளவு தண்ணீர். விட்டுவிட்டு வரச் சொல்லி மட்டன் கடைக்காரர் கத்தினார். நீ கடைசி மூட்டையையும் தூக்கிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் நீட்டிய கையைப் பிடித்து ஏறினாய்.

காலையில் லாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது. வெள்ளம் வடிந்த கரையிலோ, மேலிருந்து அடித்து வந்த புதுக் குப்பை மரக்கிளைவரை தொங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நீ சிரித்தாய். "நம்ம குப்ப லாரில போயிட்ச்சி. இது புச்சு. ஞாயித்துக்கெயம பாத்துக்கலாம்."

அடுத்த ஞாயிறு நாம் போவதற்கு முன்பே மட்டன் கடைக்காரர் சாக்குகளோடு கரையில் நின்றிருந்தார்.

பிறகு நான் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு மாறினேன். போன வருடம் உன் தம்பி போனில் அழுதான். காய்ச்சல் என்று படுத்த அக்கா எழவே இல்லை என்றான். பதினோராவது மாடியில், வரிசையாகச் சாத்திய கதவுகளுக்கு நடுவே தனியாக நின்றேன். பிறகு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்த பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது. என் சிநேகிதி போய்விட்டாள் என்றேன். அவள் என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.