அந்த நாலு எட்டு

ஹாவர், மொன்டானா
மார்ச் 3

அன்புத் தம்பி டெல்பர்ட்டுக்கு,

அக்கா வெர்னா எழுதுவது. நீயும் டாரிஸும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை. என் வீட்டுக்காரர் கிளைடுக்குச் சளி, ஆனால் வாய் மட்டும் ஓயவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, "அக்கா, உன் வீடியோவைப் பத்துத் தடவை பாத்துட்டேன். அதே ஆஸ்பத்திரியில பதினேழாம் தேதி எனக்கும் முழங்கால் மாத்தப் போறாங்க" என்றாய். நானும், "நல்லதுடா, எனக்கு வலியே இல்ல" என்றேன். அது பொய். யார் கேட்டாலும் வாய் தானாக அதையே சொல்லிவிடுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் நடப்பதாக ஆஸ்பத்திரி விளம்பரத்துக்குப் போட்ட அந்தப் படம், முழங்கால் அறுவை முடிந்த மறுநாள் காலையில் எடுத்தது. கால் மரத்துப்போகப் போட்ட மருந்தின் வேகம் அப்போது குறையவே இல்லை. கேமராக்காரப் பெண், "சிரிங்க மேடம், அப்படியே இந்தப் பக்கம் வாங்க" என்றாள். பின்னாலிருந்து நர்ஸ் என் இடுப்புப் பட்டையைப் பிடித்திருந்தாள். அவள் கை படத்தில் இல்லை. நான் வைத்தது நாலே எட்டு. அதையே மூன்று முறை ஒட்டியிருக்கிறார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார், மூன்று தடவையும் ஒன்பது இருபதுதான்.

ஏழு மாதமாகிறது. முழங்கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுவதை ஓய்வுக்காக விட்டேன் என்று உன்னிடம் சொன்னேனே, பிரேக்கை மிதிக்க முடியாமல்தான் விட்டேன். நீ குதிரைக்கு லாடம் அடிப்பவன், குனிந்து எழுந்துதான் உன் பிழைப்பே.

படத்தை நீக்கிவிடச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்டேன். அறுவைக்கு முன் நீட்டிய காகிதங்களில் படம் போடவும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேனாம். "எட்டாயிரம் பேர் பாத்துட்டாங்க மேடம், உங்களால எத்தனை பேருக்குத் தைரியம் வந்திருக்கு தெரியுமா?" என்கிறாள் ஆபீஸ் பெண். கிளைடோ வருகிறவர்களுக்கெல்லாம் டிவியில் போட்டு, "எங்க வெர்னா நடக்குற நடையைப் பாருங்க!" என்கிறார். நான் நாற்காலியில் உட்கார்ந்து படத்தில் இருக்கும் அந்த வெர்னா நடப்பதைப் பார்க்கிறேன். அவள்மேல் எனக்குப் பொறாமை, கோபமும்கூட. மளிகைக் கடையில் ஒருத்தி, "உங்களைப் பாத்துத்தாங்க நானும் ஆபரேஷனுக்கு ஒத்துக்கிட்டேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து மறையும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தேன்.

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. டாக்டரும் கெட்டவர் இல்லை. செய்துகொள்ளாதே என்று சொல்ல நான் யார்? ஆறு மாதம் கழித்து எத்தனை பேருக்குக் கால் மடங்காமல் போகிறது என்று அவரிடமே நேரில் கேள். என்னிடம் அதைக் கேட்கக் கேமராவோடு யாரும் திரும்பி வரவில்லை.

கர்த்தர் உன் கால்களைக் காக்கட்டும். பதினேழுக்கு முன் ஒரு நாள் இங்கே வந்துவிட்டுப் போ. முன்கூட்டிச் சொல்லாமல் வா. சொன்னால் அன்றைக்கும் நிமிர்ந்து நடந்து காட்டிவிடுவேன். கதவைத் தட்டு. தட்டிவிட்டு, எவ்வளவு நேரமானாலும் நான் எழுந்து வந்து திறக்கும்வரை வெளியே நில், தம்பி.

உன் அக்கா,
வெர்னா