என் பெயருக்குக் கீழே ஒரு வரி

12-7-99, திங்கள்

காலையிலிருந்து சாரல், காற்று. துணி காயவில்லை. மூக்குக் கண்ணாடிக்குத் திருகு மாற்றியாயிற்று.

பிலோமினாவின் கணவர் போய்விட்டார். மெல்போர்னிலிருந்து அவள் மகன் எட்வின் நேற்று போனில் சொன்னான். கான்வென்டில் பத்து வகுப்பும் என் பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது மகன் வீட்டில், கடல் தாண்டி. போய்க் கையைப் பிடிக்க வழியில்லை. வெளிநாட்டுப் போன் நமக்குக் கட்டுப்படியாகாது. ஏர்மெயில் என்றைக்குப் போய்ச் சேர?

ரஹீம் பாய் கடைக்குப் போனேன். சமீபம் வரை எஸ்.டி.டி. பூத் மட்டும், இப்போது கூடவே இரண்டு கம்ப்யூட்டர், எங்கள் கணபதிப் பகுதியில் அதுதான் எனக்கு நடக்கிற தூரம். போன மாதம் எனக்கும் ஓர் இ-மெயில் முகவரி திறந்து கொடுத்தார். ஓசி. ஆங்கிலத்தில் நானே தட்டினேன், இரண்டு விரலால். மூன்று முறை படித்துப் பார்த்தேன். பிழை இல்லை.

முடிவில் 'மீண்டும் எழுதுகிறேன்' என்று போடவில்லை. துக்க வீட்டில் 'போயிட்டு வாரேன்' சொல்வதில்லையே. என் கணவர் காலமான அன்று பிலோ வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு தோளைத் தொட்டுவிட்டு, சொல்லாமல் எழுந்து போனாள். வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள், ஆனால் நம் வழக்கம் அவளுக்குத் தெரியும். நானும் அதே போல: கடைசி வாக்கியம், பெயர், அவ்வளவுதான்.

14-7, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. போர்வைகள் மாடியில்.

எட்வினின் பதில். படிக்கத் தொடங்கியதும் எழுத்தின் மேல் ஒரு சின்னக் கட்டம் முளைத்தது. எனக்குப் பரிசு விழுந்திருக்கிறதாம். மூடினால் இன்னொன்று, இளைப்பதற்கு மாத்திரை. ர. பாய் வந்து ஈ ஓட்டுவது போல் ஒவ்வொன்றாக மூடினார்.

எட்வின்: "அச்செடுத்து அம்மா கையில் கொடுத்தேன் ஆன்ட்டி. கடைசி வரி அவருக்குப் புரியவில்லை. அது இ-மெயில் கம்பெனிக்காரன் சேர்ப்பது என்றேன். 'சரோ படித்துப் பார்க்காமல் அனுப்ப மாட்டாளே' என்கிறார். கடிதத்தைத் திரும்பக் கையில் எடுக்கவில்லை."

என்ன கடைசி வரி? அவன் பதிலுக்கு அடியிலேயே என் கடிதமும் இருந்தது. என் பெயருக்குக் கீழே: முற்றிலும் இலவசம், இன்றே வாருங்கள், நண்பர்களையும் அழைத்து வாருங்கள்.

கணவனை அடக்கம் செய்துவிட்டு வந்தவளிடம். என் பெயரில்.

"ஏனுங்க பாய், இத யாரு எழுதினது?"

"அது தானா வர்றதுங்கம்மா. எல்லார்த்துக்கும் வரும். ஓசியில குடுக்கறானில்லீங்க."

"ஓசின்னா என்ற பேருக்குக் கீழ எழுதிப்போடலாமா? அனுப்பறப்போ எனக்குக் காட்டவே இல்லையே."

"கல்யாணப் பத்திரிகையில அடியில பிரஸ்காரன் பேரு இருக்குதில்லீங்க? அதாட்டந்தான்."

"இது கல்யாணமில்லீங்க பாய்."

"கருமாதிப் பத்திரிகையிலயும் இருக்குமுங்க. ஊட்டுல எடுத்துப் பாருங்க."

பூத்துக்குள் ஓர் ஆள் காங்கேயத்துக்குக் கத்திக்கொண்டிருந்தார்: "மாடு கன்னு போட்டுதுங்களா மாமா? அட, மாடுங்க, மாடு." கடையே சிரித்தது. நான் கிளம்பிவிட்டேன்.

15-7, வியாழன்

பீரோவில் தேடி அவருடைய கருமாதிப் பத்திரிகையை எடுத்தேன். இருக்கிறது. அடியில், பொடி எழுத்தில், அச்சகத்தின் பெயர். அந்தப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்த்தது நான்தான். அன்றைக்கு உறுத்தவில்லை. ர. பாய் சொன்னது சரி.

முழுக்கச் சரியா? பருப்பு வேகும்வரை அதே யோசனை. அச்சகம் தன் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுகொண்டது. யாரையும் வா என்று கூப்பிடவில்லை. புரூஃபில் என் கண்ணுக்கும் காட்டியது. வேண்டாம் என்றால் எடுத்திருப்பார்கள். பேப்பரில் விளம்பரம் வந்தால் பக்கத்தைத் திருப்புகிறேன். சோப்பு விற்கிறவன் வந்தால் கேட்டிலேயே வேண்டாம் என்கிறேன். ஆனால் அவன் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு துக்க வீட்டுக்குள் நுழைந்தால்? முகவரி திறந்த அன்று 'விளம்பரங்கள் அனுப்பலாம்' என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. என் சம்மதத்தை எனக்கு முன்பே அவர்கள் எழுதியாயிற்று.

ஓசியில் வாங்கியது நான். அதற்கு ஈடு நான் கொடுத்தால் நியாயம். பிலோ கொடுத்தாள்.

வெந்தயம், நீல நூல், டார்ச் பேட்டரி வாங்க வேண்டும். கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும்.

17-7, சனி

பருப்பு அடிப்பிடித்தது. கவனம் இல்லை.

ஏர்மெயில் தாள் வாங்கி எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. இது போய்ச் சேரும்வரை, சரோ ஏதோ விற்க வந்தாள் என்றே அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். இ-மெயிலில் விளக்கினாலோ, விளக்கத்துக்கு அடியிலும் அதே வரி வரும்.

அப்போதுதான் கான்வென்டின் கணக்கு சிஸ்டர் ஞாபகம். பரீட்சைத் தாளில் கடைசி விடை முடிந்ததும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஸ்கேல் வைத்துக் கோடு போட வேண்டும். போடாதவர்கள் வகுப்புக்கு வெளியே. கோட்டுக்குக் கீழே யார் எழுதினாலும் அது உன் விடை அல்ல என்பார். பி.யும் நானும் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில்கூடப் போட்டு, கேலிக்கு ஆளானோம்.

மறுபடி கடைக்கு. "அந்த வரி என்னுடையதல்ல, பிலோ. எனக்குத் தெரியாமல் ஒட்டிவிட்டார்கள். நான் என் பெயரோடு முடித்தேன். உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல்தான் எழுந்தேன்." பெயர். பிறகு சின்னக் கோட்டுச் சாவியைத் தட்டிக்கொண்டே, திரையின் ஓரம் வரை.

ர. பாய் எட்டிப் பார்த்தார். "கோட்டுக்குக் கீழயும் வந்துபோடுமுங்கம்மா."

"வரட்டுமுங்க."

19-7, திங்கள்

பதில் இல்லை. ர. பாய் கடை வாசலிலேயே கையை விரித்தார். முழங்கால் வலி. வெந்தயம் மறுபடி மறந்தேன்.

20-7, செவ்வாய்

சாரல் மறுபடி. குடை எடுக்காமல் போனேன்.

வந்திருந்தது. எட்வின் அல்ல, அவளே தட்டியது. "பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள், சரோ. அவருடைய செருப்பு இன்னும் வாசலில்தான் இருக்கிறது. எடுக்க மனம் வரவில்லை. எழுது."

பெயர். பெயருக்கு அடியில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, கோடு.

அதற்குக் கீழே இருந்ததை நான் படிக்கவில்லை.